பழைய இரும்பும் முழு நினைவும்

சென்னையிலிருந்து திருத்தணிக்கு வரும் இருப்புப்பாதையில், புகைவண்டி புறப்பட்ட சில நிமிடங்களிலேயே பெரம்பூர் வந்துவிடுகிறது. நம் ஊரிலிருந்து கணக்கிட்டால் அது 80 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு. அங்குள்ள இரயில்வே பணிமனைகளின் வரலாறு 1856-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், இராயபுரத்துக்கும் இன்று வாலாஜா ரோடு எனப்படும் நிலையத்துக்கும் இடையே, அரக்கோணம் வழியாக, தென்னாட்டின் முதல் பயணியர் பாதை திறக்கப்பட்டது. பின்னர் அரக்கோணத்தில் வடமேற்காகப் பிரிந்த கிளை, திருத்தணியைக் கடந்து, ரேணிகுண்டா, கடப்பை, குந்தக்கல் என நீண்டு, 1871-இல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையோடு இணைந்தது. மலைமேல் முருகன் கோவிலுக்கு வருவோரும், அதே தடத்தில் திருப்பதிக்குச் செல்வோரும் தலைமுறை தலைமுறையாக இந்த இரும்புத் தடத்தை அறிவர்.

பெரம்பூர்ப் பணிமனைக்கு 2010-ஆம் ஆண்டில் மிகப் பழைய நீராவி எஞ்சின் ஒன்று கொண்டுவரப்பட்டது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்த கிட்சன், தாம்ப்சன், ஹூயிட்சன் தொழிற்சாலையில் 1855-இல் உருவாகி, கப்பலேறிக் கல்கத்தா வந்து, கிழக்கிந்திய இரயில்வே கம்பெனியில் 21 என்ற எண்ணைப் பெற்ற எஞ்சின் அது. 'எக்ஸ்பிரஸ்' என்பது அதன் பெயர். அரை நூற்றாண்டு உழைத்த பின் 1909-இல் பணியிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பின் 101 ஆண்டுகள் ஜமால்பூர் பணிமனையிலும் ஹவுரா நிலையத்திலும் காட்சிப்பொருளாக நின்றது. பெரம்பூருக்கு வந்தபோது அதன் உடல் துருவேறியிருந்தது. உறுப்புகள் பல காணாமற் போயிருந்தன. இல்லாதவற்றைப் பணிமனைத் தொழிலாளர் புதிதாகச் செய்து பொருத்தினர். பழைய கைத்தடையோடு இக்காலக் காற்றழுத்தத் தடையும் சேர்க்கப்பட்டது. 2010 ஆகஸ்டு 15 அன்று, நெருப்பு மூட்டி, நீராவி ஏற்றி, மீண்டும் தண்டவாளத்தில் ஓடவிட்டனர்.

இதற்கு ஓர் இரட்டைச் சகோதரியும் உண்டு. அதே தொழிற்சாலையில் அதே ஆண்டு பிறந்து, 22 என்ற எண்ணைப் பெற்ற எஞ்சின் அது. 'ஃபேரி குயின்' என்ற புகழ்பெற்ற பெயரை அது பெற்றது 1895-இல்தான். அதாவது, முதல் 40 ஆண்டுகள் வெறும் எண்ணாகவே உழைத்தது. அதுவும் 1909-இல் ஓய்வு பெற்றது. முதலில் ஹவுராவிலும், 1943 முதல் சந்தௌசி இரயில்வே பயிற்சிப் பள்ளியிலும் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் தில்லியின் தேசிய இரயில் அருங்காட்சியகத்தை அடைந்து, 1997-இல் 88 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஓடியது. முறையாக இயங்கும் நீராவி எஞ்சின்களில் உலகிலேயே மூத்தது என 1998-இல் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது. பிற்காலத்தில் பாகங்கள் களவுபோய்ப் பழுதுற்றபோது, அதையும் பெரம்பூர்த் தொழிலாளரே செப்பனிட்டனர். 2012 டிசம்பரில் அது மறுபடி ஓடியது.

இருபத்தாறு டன் எடை, 130 குதிரைத்திறன், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். இன்று நம் நிலையத்தைக் கடந்து போகும் மின்சார எஞ்சின்களுக்கு முன்னால் இவை விளையாட்டுப் பொருள்களே. ஆயினும் இப்பழைய எஞ்சின் ஓடுகிறது என்று கேள்விப்பட்டால் கூட்டம் கூடுகிறது. பெரியோர் பேரக்குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டுகின்றனர். 'இது 1855-ஆம் வருடத்து எஞ்சின்' என்று சொல்கின்றனர். இந்தச் சிறிய வாக்கியம் உண்மைதானா? உண்மையெனில், அதைச் சொல்பவர் எதற்கெல்லாம் பொறுப்பேற்கிறார்? இவ்விரு வினாக்களையும் சற்றுப் பொறுமையாக எண்ணிப் பார்ப்போம்.

அதே எஞ்சின்தானா?

முதல் வினா மிகப் பழையது. ஏதென்ஸ் நகரத்தார் தம் வீரன் தீசியஸ் பயணம் செய்த கப்பலைப் பல தலைமுறைகளாகக் காத்துவந்தனர் என்று புளூட்டார்க் எழுதுகிறார். உளுத்த பலகைகளை எடுத்துவிட்டுப் புதிய பலகைகளைப் பொருத்திக்கொண்டே வந்தனர். எல்லாப் பலகைகளும் மாறிய பின் அது அதே கப்பல்தானா என்று அந்நாட்டு அறிஞர்கள் இரு கட்சியாக நின்று வாதிட்டனராம். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மெய்யியலாளர் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சையும் போட்டார்: கழற்றி எறிந்த பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கிச் சேர்த்து, அவற்றைக் கொண்டே ஒரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

இவ்வினா நம் நாட்டிற்கும் புதிதன்று. மிலிந்தன் என்ற கிரேக்க மன்னனும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியும் உரையாடும் பாலி நூலில் ஒரு தேர் பேசப்படுகிறது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று துறவி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றே மன்னன் விடையளிக்கிறான். அப்படியானால் தேர் என்பது எங்கே? உறுப்புகளின் சேர்க்கையைக் குறிக்க நாம் வழங்கும் பெயரே அது என்பது துறவியின் முடிவு.

இதனை எஞ்சினுக்குப் பொருத்திப் பார்ப்போம். பெரம்பூரில்தான் முதன்முதலாக உறுப்புகள் மாற்றப்பட்டன என எண்ணுவது தவறு. நீராவி எஞ்சின் என்பது தன்னையே தின்று உழைக்கும் இயந்திரம். நெருப்பறையில் எரியும் கரியின் வெப்பப்புகை, கொதிகலனுக்குள் செல்லும் குழாய்களின் வழியே பாய்கிறது. அக்குழாய்களைச் சுற்றியுள்ள நீர் ஆவியாகிச் சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளுகிறது. அத்தள்ளுதலைத் தண்டு ஒன்று சக்கரத்துக்குக் கடத்துகிறது. இதில் எந்த உறுப்பும் தேயாமல் இருப்பதில்லை. நீரின் உப்பு படிந்து குழாய்கள் கெடும். தண்டவாளத்தில் உராய்ந்து சக்கரப் பட்டைகள் தேயும். தடைக்கட்டைகள் அடிக்கடி மாறும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் மாறிக்கொண்டே இருந்தாக வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே 1909-இல் ஓய்வு பெற்ற எஞ்சினே 1855-இல் கப்பலிலிருந்து இறங்கியதன் இரும்பை முழுமையாகக் கொண்டிருந்திருக்க முடியாது.

பொருள் மாறியும் ஒருமை நீடிப்பது எப்படி என்பதைப் புனித அக்குவினா தோமையாரும் ஆராய்கிறார். அவர் எடுத்துக்கொள்ளும் உவமை நம் பேச்சுக்குப் பொருத்தமானது. எரியும் தீயில் விறகு தீரத்தீரப் புதிய விறகை இடுகிறோம். விறகு மாறினும் தீ ஒன்றே. ஒரு நகரில் மக்கள் இறந்து, வேறு மக்கள் அவர்கள் இடத்துக்கு வருகின்றனர். நகரம் ஒன்றே. மனித உடலும் அவ்வாறே உண்பதாலும் கழிப்பதாலும் ஓயாது மாறினும், ஆன்மா அதன் வடிவாய் நின்று அதனை ஒரே உடலாகக் காக்கிறது என்பது அவர் கருத்து.

ஆனால் இந்த விளக்கத்தை அப்படியே எஞ்சினுக்குக் கொடுத்துவிட இயலாது. உயிருள்ளவற்றுக்கு ஒருமை உள்ளிருந்து வருகிறது. மாமரம் தன் இலைகளைத் தானே உதிர்த்துத் தானே துளிர்க்கிறது. நாற்காலியும் கப்பலும் எஞ்சினும் அத்தகையவை அல்ல. அவற்றின் உறுப்புகளை ஒன்றாக்குவது அவற்றைச் செய்தவரின் எண்ணமும், பயன்படுத்துவோரின் நோக்கமும், காப்போரின் நினைவுமே. பழுதுற்ற குழாயை எஞ்சின் தானே வளர்த்துக்கொள்வதில்லை. ஒரு தொழிலாளி அளவெடுத்துச் செய்து பொருத்துகிறார். ஆகவே 'இது அதே எஞ்சின்' என்பதற்கான விடை இரும்பில் எழுதப்பட்டிருக்கவில்லை. எத்தனை விழுக்காடு பழைய இரும்பு இருக்கிறது என்று நிறுத்துப் பார்த்தும் அதைக் கண்டறிய முடியாது. அது நாம் அளிக்கும் சொல். 'இதை நாங்கள் அதன் தொடர்ச்சியாக ஏற்கிறோம், அதன் பெயரையும் எண்ணையும் வரலாற்றையும் இதனிடம் ஒப்படைக்கிறோம்' என்ற வாக்குறுதி.

இதை விளங்கிக்கொள்ள நம் ஊரே போதும். திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்றாக அவை எண்ணப்படுகின்றன. படிக்கல் ஒன்று உடைந்து, அவ்விடத்தில் வேறு கல் வைக்கப்பட்டால், ஏறிவரும் அடியார் 364 என்று எண்ணுவதில்லை. ஊரின் கதையும் இதுவே. சென்னை மாகாணத்தில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருத்தணி, 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அம்மாநிலத்துக்குள் போயிற்று. ம.பொ.சிவஞானம் முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. மலை நகரவில்லை, எல்லைக் கோடு நகர்ந்தது. அரசு மாறியது, மாவட்டம் மாறியது, பெயர்ப்பலகையின் எழுத்து மாறியது. தெருவில் தமிழும் தெலுங்கும் முன்போலவே கலந்து ஒலித்தன. இத்தனைக்கும் பின் 'அதே ஊர்' என்று நாம் சொல்வதும் ஒரு வாக்குறுதியே.

உரிமையோடு வரும் பொறுப்பு

முதல் வினாவுக்கு விடை இதுவாயின், இரண்டாம் வினா தானே எழுகிறது. வாக்குறுதி அளித்தவர், அதைத் தமக்கு இனிக்கும் பகுதிக்கு மட்டும் சுருக்கிக்கொள்ளலாமா?

1855 என்னும் ஆண்டைப் பெருமையோடு சொல்லுகிறோம். அதற்கு அடுத்துவந்த ஆண்டுகளில் அந்த எஞ்சின்கள் என்ன செய்தன என்பதையும் கேட்போம். ஃபேரி குயின் வங்காளத்தில் ஹவுராவுக்கும் இராணிகஞ்சுக்கும் இடையே அஞ்சல் வண்டிகளை இழுத்தது. 1857-இல் சிப்பாய்களின் கிளர்ச்சி மூண்டபோது, அதை ஒடுக்கச் சென்ற படைகளை ஏற்றிக்கொண்டு இராணிகஞ்சுக்கு ஓடியது. பின்னர் பீகாரில் பாதை அமைக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டது. ஒரே உலையில் பிறந்து ஒரே கம்பெனிக்கு உழைத்த இரட்டையரில், ஒன்றின் கதை மற்றொன்றின் குடும்பக் கதையும் ஆகும். அக்குடும்பத்தின் மற்ற எஞ்சினே 2010-இல் நம் விடுதலை நாளன்று ஓடவிடப்பட்டது. கிழக்கிந்திய இரயில்வேயின் முதல் பயணியர் வண்டி ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்குப் புறப்பட்டதும் ஓர் ஆகஸ்டு 15-ஆம் நாளே, ஆண்டு 1854. ஒரே தேதி அந்நியக் கம்பெனியின் தொடக்கத்துக்கும், நாட்டின் விடுதலைக்கும், பழைய எஞ்சினின் மறுவாழ்வுக்கும் உரியதாகிவிட்டது. இதை வேடிக்கையான தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் எண்ணிப் பார்ப்பவர்க்கு அது சங்கடத்தையும் தருகிறது.

இருப்புப்பாதைகள் யாருடைய பணத்தில் எழுந்தன என்பதும் அக்கதையின் பகுதியே. முதலீடு செய்த இங்கிலாந்துப் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் வருவாய் உறுதி செய்யப்பட்டிருந்தது. வண்டி அவ்வளவு ஈட்டாவிட்டால், குறைவை இந்திய வரிப்பணம் ஈடுசெய்தது. இரயிலில் ஒருநாளும் ஏறியிராத உழவனும் அதற்குக் கட்டணம் செலுத்தினான் எனலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில், இருப்புப்பாதை பசித்த ஊர்களுக்குத் தானியத்தைக் கொண்டுவந்தது. விலை கூடுதலாகக் கிடைத்த இடங்களுக்கு அதே பாதை தானியத்தைக் கொண்டும் சென்றது. பாதை ஒன்றே, வண்டியைத் திருப்பிய கை எதுவோ, அதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் விளைந்தன.

எஞ்சின்கள் ஓய்வு பெற்ற அதே 1909-ஆம் ஆண்டில், காந்தியடிகள் கப்பற் பயணத்தின்போது 'இந்து சுயராஜ்யம்' என்ற நூலை எழுதினார். இருப்புப்பாதை கொள்ளை நோயைப் பரப்புகிறது, பஞ்சத்தைப் பெருக்குகிறது, அந்நிய ஆட்சியை உறுதிப்படுத்துகிறது என்று அதில் கடுமையாகச் சாடினார். அவரே பிற்காலத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நாடு முழுவதும் சுற்றி, அதே இருப்புப்பாதையின் துணையோடு மக்களை ஒன்றுதிரட்டினார். ஒருவரையொருவர் தொடுவதற்கும் அஞ்சிய மக்கள் அந்த நெரிசலில் தோளோடு தோள் உரச உட்கார வேண்டியிருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. எனவே நாம் இருப்புப்பாதையைப் பழிக்க வரவில்லை. அதன் வரலாற்றில் படைவண்டியும் உண்டு, பசித்தோர்க்கு வந்த தானியமும் உண்டு, அடியார்களின் பயணமும் உண்டு. அதே எஞ்சின் என்று நாம் சொன்னால், அச்சொல்லுக்குள் இவை அனைத்தும் அடங்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'இரும்புக்கு ஏது பாவம்? எஞ்சின் தானாக எங்கும் போகவில்லையே' என்பர். முற்றிலும் சரி. பாவம் மனச்சான்றும் சுதந்திரமும் உள்ளவர்க்கே உரியது, கருவிக்கு இல்லை. ஆனால் மேலே கண்டபடி, கருவிக்கு ஒருமையைக் கொடுப்பவர் நாம். அதன் பெருமையைச் சுமப்பதும் இரும்பன்று, நாமே. 'உலகிலேயே மூத்தது' என்ற புகழை எஞ்சின் துய்ப்பதில்லை; நாம் துய்க்கிறோம். புகழைப் பெற நம்மை அதன் வாரிசுகளாக நிறுத்திக்கொண்டு, துயரக் கணக்கு வரும்போது 'அது வெறும் இரும்பு' என்று விலகி நிற்பது நேர்மையாகாது. தந்தையின் நிலத்தைப் பெற்றுக்கொண்ட மகன், தந்தையின் கடனைப் பற்றிக் கேட்டால் 'அவர் வேறு, நான் வேறு' என்று சொல்வதை ஊர் ஏற்குமா?

இன்னொரு மறுப்பும் உண்டு. 'முன்னோர் செய்ததற்கு நாம் எப்படிக் குற்றவாளிகள் ஆவோம்?' இதற்கு விடைகாணப் பழியையும் பொறுப்பையும் பிரித்தறிய வேண்டும். பழி செய்தவரோடு நிற்கிறது; மகனுக்கு மாற்றப்படுவதில்லை. பொறுப்போ தொடர்ச்சியை ஏற்பவர் யாராயினும் அவர்மேல் வருகிறது. பொறுப்பு கேட்பது மூன்று செயல்களையே: நடந்ததை நடந்தவாறு சொல்லுதல், அதனால் இன்றும் துன்புறுவோர் இருப்பின் அவர்கள் பக்கம் திரும்புதல், அது மீண்டும் நிகழாதபடி காத்தல். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், தவக்கால முதல் ஞாயிறன்று, புனித பேதுரு பேராலயத்தில் திருச்சபையின் மக்கள் கடந்த நூற்றாண்டுகளில் இழைத்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அப்பாவங்களைச் செய்தவர்கள் என்றோ மறைந்துவிட்டனர். ஆயினும் அன்றைய திருச்சபையே இன்றைய திருச்சபை என்று விசுவசிப்பவர், அதன் புனிதர்களை மட்டும் தம்முடையவர்கள் என்று சொல்லிக்கொள்ள இயலாது என்பதை அச்செயல் உலகுக்கு உணர்த்தியது.

நிறுத்தி வைத்தலும் ஓடவிடுதலும்

காப்பதில் இரு முறைகள் உண்டு. ஒன்று, எதையும் தொடாமல் மேடையில் நிறுத்தி வைத்தல். மற்றொன்று, தேய்ந்ததை மாற்றி ஓடவிடுதல். முதல் முறையில் 21-ஆம் எண் எஞ்சின் 101 ஆண்டுகள் இருந்தது. பழைய இரும்பு காக்கப்படுகிறது என்றே அனைவரும் எண்ணியிருப்பர். உண்மையில் அது துருவேறி, உறுப்பு உறுப்பாகக் குறைந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறையில் புதிய இரும்பு கலந்தது. ஆனால் மறைந்துபோகவிருந்த கைத்தொழில் ஒன்று உயிர் பெற்றது. சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி நீராவி எஞ்சினைச் செய்தது 1972-இல். தொண்ணூறுகளின் முடிவுக்குள் அன்றாடப் போக்குவரத்திலிருந்து நீராவி ஏறக்குறைய முற்றிலும் விலகிற்று. கரியை நெருப்பறையில் எப்படிப் பரப்ப வேண்டும், ஆவியின் சீற்றத்தைக் கேட்டே அழுத்தத்தை எப்படி உணர வேண்டும் என்பவை புத்தகத்தில் மட்டும் நிற்கும் அறிவு அல்ல. ஓடும் எஞ்சின் ஒன்று இருந்தால்தான் ஒரு கை மற்றொரு கைக்கு அதைக் கற்றுக்கொடுக்க முடியும். ஜப்பானியர் தம் இசே ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாகக் கட்டுகின்றனர். அதில் அவர்கள் காப்பது மரத்தை அன்று, கட்டும் கலையை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சிறப்பை 2005-இல் பெற்ற நம் நீலகிரி மலைப்பாதைக்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து தந்ததும் இவ்வகையே.

நினைவைக் காப்பதிலும் இவ்விரு முறைகள் உள்ளன. சில நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்து, வண்ணம் பூசி, மேடையில் ஏற்றி மாலையிடுகிறோம். அந்த நினைவு அசைவதில்லை, எவரிடமும் கேள்வி கேட்பதில்லை, மெல்லத் துருவேறுகிறது. மறுபுறம், முழு நினைவையும் பேச்சில் ஓடவிடுகிறோம். பிள்ளைகள் கேட்கின்றனர்; நாம் விடைதேட வேண்டியிருக்கிறது; சில இடங்களில் வெட்கமும் அடைகிறோம். இந்த நினைவுக்கே உயிர் உண்டு.

பழைய எஞ்சின்களின் அருகே வைக்கப்படும் விவரப் பலகைகளைப் பொதுவாகப் பாருங்கள். செய்த ஆண்டு, செய்த தொழிற்சாலை, எடை, சக்கர அமைப்பு, ஓய்வு பெற்ற நாள் ஆகியவை இருக்கும். கரி அள்ளிய ஃபயர்மேனின் பெயர் இராது. வெயிலில் சரளைக்கல் கொட்டிப் பாதை பேணிய காங்மேன் இரார். மண் சுமந்த பெண்கள் இரார். இடம் போதவில்லை என்று சொல்லலாம். ஆயினும் 'இவ்வெஞ்சின் யாருக்காக, யார் செலவில், யாரை ஏற்றிக்கொண்டு ஓடியது' என்ற ஒரே வரிக்கு எந்தப் பலகையிலும் இடம் உண்டு. அவ்வரியைப் படிக்கும் சிறுவனின் வியப்பு அதனால் குறைந்துவிடப் போவதில்லை. வியப்போடு ஒரு சிந்தனையும் அவனுக்குக் கிடைக்கும்.

நம் இல்லத்துப் பலகை

இருப்புப்பாதையாருக்கு இதைச் சொல்லும் நாம், நம் இல்லத்துப் பலகையையும் திருப்பிப் படித்தாக வேண்டும். நம் பங்குகளில் பொன்விழா, பவளவிழா, நூற்றாண்டு விழா என விழாக்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் மலர் வெளியிடுகிறோம். அடிக்கல் நாட்டிய ஆயர், அடுத்தடுத்து வந்த பங்குத்தந்தையர், மணி வாங்கிக்கொடுத்த குடும்பம், பீடம் அமைத்துத் தந்த குடும்பம் என்று படங்களோடு அச்சிடுகிறோம். 'நம் முன்னோர் கட்டிய அதே ஆலயம்' என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம். ஓடு மாறியது, தரை மாறியது, கோபுரம் இடித்துக் கட்டப்பட்டது. ஆயினும் அதே ஆலயம் என்கிறோம். அது சரியே. நாம் அளித்த வாக்குறுதி அது.

அப்படியானால் அந்த ஆலயத்தில் ஒரு சாரார் உட்காரவேண்டிய இடம் இதுவென ஒதுக்கப்பட்டிருந்தால், அதுவும் அதே ஆலயத்தின் கதையே. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுந்திருந்தால், அதுவும் நம் முன்னோர் கட்டியதே. தேர் எந்தத் தெருவில் திரும்பியது, எந்தத் தெருவுக்குள் நுழையாமல் வந்துவிட்டது என்பதும் விழாவின் வரலாறே. கோவில் கட்டக் கல் சுமந்தோர், சுண்ணாம்பு அரைத்தோர், கட்டி முடிந்தபின் வாயிலருகே நின்றோர் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். மலரின் பக்கங்களைப் புரட்டும்போது தம் பாட்டனின் படத்தை அவர்கள் தேடுவதை நாம் அறிவோம். தேடிக் களைத்து மலரை மூடி வைக்கும்போது அவர்கள் மனத்தில் எழும் வினா, 'இது உங்கள் ஆலயமா, நம் ஆலயமா?' என்பதே. 'அதே ஆலயம்' என்ற நம் வாக்குறுதி அவர்களை உள்ளடக்காவிட்டால், அது பொய்யாகிவிடுகிறது.

இவ்வாறு எழுதுவதால் ஒற்றுமை குலையும் என்று அஞ்சுவோர் உண்டு. அவர்களுடைய அச்சத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிடவில்லை. ஆறிய புண்ணைக் கிளறுதல் தகாது. ஆனால் ஆறியதா, மேலே தோல் மட்டும் மூடியிருக்கிறதா என்பதைப் புண்பட்டவரே சொல்ல முடியும். கொதிகலனைப் பற்றி அறிந்தோர் ஒன்றைச் சொல்வர்: உள்ளே படிந்த உப்பைக் கழுவி அகற்றாமல் மீண்டும் மீண்டும் நெருப்பு மூட்டினால், வெளிப்பூச்சு எத்தனை பளபளத்தாலும் ஒருநாள் அது வெடிக்கும். கழுவுவதற்கு எஞ்சினை நிறுத்தி, நெருப்பை அணைத்து, மூடிகளைத் திறந்து, கறுப்பு நீர் வடிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அது அழகிய காட்சியன்று. ஆயினும் அதைச் செய்த பின்பே எஞ்சின் அச்சமின்றி ஓடும்.

பெரம்பூர்த் தொழிலாளர் துருவைக் கண்டு கலங்கவில்லை. துருவை மறைக்க வண்ணம் பூசி அனுப்பிவிடவும் இல்லை. எது கெட்டது, எது காணோம் என்று முதலில் பட்டியலிட்டு, பின்னரே உலையை மூட்டியிருப்பர். எந்தப் பணிமனையிலும் வேலை அப்படித்தான் தொடங்குகிறது. அதே ஒழுங்கு நம் நினைவுக்கும் போதும். அடுத்த விழா மலருக்குச் செய்தி திரட்டப் புறப்படும் குழுவினர், நன்கொடையாளர் தெருவில் முதியோரைச் சந்தித்து முடித்தபின், நோட்டை மூடிவிடாமல், தேர் நுழையாத அந்த அடுத்த தெருவுக்கும் நடந்து செல்லட்டும். அங்குள்ள பாட்டி ஒருவர் சொல்லப்போவதையும் ஒரு சொல் குறையாமல் எழுதிக்கொள்ளட்டும்.